எந்த நாய்க்கு எந்தப் பட்டை?

நாய் சொன்ன பேச்சுக் கேட்கவில்லையென்றால், இன்னும் கடுமையான கழுத்துப் பட்டை ஒன்று வாங்கிப் பூட்டினால் சரியாகிவிடும் என்பது பலருடைய அபிப்பிராயம். பிரம்பே கணக்குச் சொல்லிக் கொடுக்கும் என்று நம்பிய உபாத்தியாயர்களின் அபிப்பிராயமும் ஏறக்குறைய இதுதான்!

பட்டையை நாயின் குற்றத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. கழுத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான நாய்களுக்குத் தோலாலோ நாடாவாலோ செய்த சாதாரணப் பட்டையே போதும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர வளர இதைச் சோதித்துத் தளர்த்துவது அவசியம்.

சிப்பிப்பாறை நாயின் விஷயம் வேறு. அதன் தலை ஒடுக்கமானது. பின்வாங்கி ஒரு இழுப்பு இழுத்தால் சாதாரணப் பட்டை தலைவழியே கழன்றுவிடும். கடைகளில் 'மார்ட்டிங்கேல்' என்று கேட்டால் கிடைக்கும் அகலப் பட்டை இதற்கு ஏற்றது. இழுத்தால் ஓரளவு இறுகி, அந்த அளவோடு நின்றுவிடும். சப்பை மூக்குள்ள 'பக்' நாய்க்கு மூச்சு விடுவதே பிரயாசை. அதற்குக் கழுத்தை விட்டு மார்பில் பூட்டும் வாரே நல்லது.

சுருக்குச் சங்கிலி, முள் பட்டை, மின்சாரப் பட்டை ஆகிய மூன்றும் வலியால் வேலை செய்பவை. 1904-ம் வருஷத்தில் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், உணவுக்கு முன் கேட்கும் ஒலியை நாய் உணவோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும் என்று காட்டினார். வலியையும் நாய் அப்படித்தான் முடிச்சுப் போடுகிறது. எதிரே ஒரு குழந்தை வருகிறது; நாய் ஆவலோடு தாவுகிறது; கழுத்தில் சுரீரென்கிறது. "தாவியது தப்பு" என்று நாம் நினைக்கிறோம். "குழந்தை வந்தால் வலிக்கும்" என்று நாய் நினைத்துவிடலாம். பிறகு அது குழந்தைகளைக் கண்டு உறுமினால் யாரை நோவது? வேல்ஸ் தேசத்தில் மின்சாரப் பட்டையை 2010-ல் தடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் 2022 முதல் பயிற்சிக்கு முள் பட்டை கூடாது.

பின் எப்படிப் பழக்குவது? நாய் இழுத்தால் அசையாமல் நில்லுங்கள். கயிறு தளர்ந்த அந்தக் கணமே ஒரு நல்ல வார்த்தை, ஒரு சிறு தின்பண்டம், பிறகு நடை. தினம் பத்து நிமிஷம் போதும். ஆனால் வீட்டிலுள்ள அனைவரும் ஒரே முறையைக் கைக்கொள்ள வேண்டும். அப்பா நிறுத்துகிறார், பிள்ளை இழுத்த பக்கமெல்லாம் ஓடுகிறான் என்றால், எந்தப் பட்டையாலும் பயனில்லை.