கறுப்புச் சட்டையில் மஞ்சள் நிறம்



பழைய மாணவர் சந்திப்புக்குக் கறுப்பு டி-சர்ட், நெஞ்சில் மஞ்சளில் செஞ்சிக் கோட்டை என்று முடிவு செய்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ‘ரப்பர் பிரிண்ட் போதும் ஐயா, விலை குறைவு’ என்கிறார்கள் சிலர். எனக்கு உடன்பாடில்லை. சிங்கவரத்து வெயிலில் நெஞ்சில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்ட மாதிரி வேர்த்துக் கொட்டும்.

நம் பிள்ளைகள் சிலர் வேலை பார்க்கும் திருப்பூரில் டிஸ்சார்ஜ் பிரிண்ட் போடுகிறார்கள். கறுப்பின்மேல் சாதாரண மஞ்சளைப் பூசினால் அமுங்கிப்போகும். டிஸ்சார்ஜ் மையில் கலந்த ரசாயனமோ, சுமார் 160 டிகிரி சூட்டில் துணியின் சாயத்தையே வெளுக்கிறது. வெளுத்த நூலில் மஞ்சள் ஏறுவதால் பளிச்சென்று இருக்கும். தடவினால் துணிதான் கைக்குத் தெரியும். ஆனால் சுத்தப் பருத்தி வேண்டும், பாலியஸ்டரில் பலிக்காது. பருத்தியிலும் எல்லாச் சாயமும் விட்டுக்கொடுக்காது. முதலில் சாம்பிள் கேளுங்கள். கலந்த மை சில மணி நேரந்தான் வேலை செய்யும், நேற்றைய மிச்சத்தில் அடித்தால் நிறம் மங்கும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். சூடேறும்போது ஃபார்மால்டிஹைடு வாயு வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. அந்த மேஜையருகில் நாள் முழுக்க நிற்பது யார் வீட்டுப் பிள்ளை? விலை பேசுமுன் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடாத பட்டறை பத்து ரூபாய் குறைத்தாலும் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

சட்டை வந்ததும் துவைத்துவிட்டுப் போடுங்கள், குழந்தைகளுக்குக் கட்டாயம். எனக்கு 42 சைஸ்.