ஃபார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ மேல்விஷாரத்திலோ ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால், சர்வீஸ் பையன் பெட்டியைத் திறக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது: "ஃபார்மட் போட்டுடலாம் பாய்." கணக்குப் பார்ப்பவரும் தலையாட்டுகிறார். பென் டிரைவைச் செருகி ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருந்தால் புத்தம் புது டெஸ்க்டாப் வந்துவிடும். எல்லோருக்கும் திருப்தி. பிரிண்டர் மட்டும் வேலை செய்யாது. அதற்கு சர்வீஸ் பையன் நாளைக்கு வருவார்.

இந்த நம்பிக்கை வெறும் காற்றில் முளைத்ததல்ல. விண்டோஸ் 98 காலத்தில் யார் வேண்டுமானாலும் எந்தக் கோப்பையும் அழிக்கலாம், எந்த மென்பொருளும் சிஸ்டத்தின் உள்ளே கை வைக்கலாம். சில மாதங்களில் எது கெட்டது என்று தேடுவதைவிட எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போடுவதே சுலபம். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது 2001இல். அதற்குப் பின் கோப்பு முறை மாறியது, அனுமதிகள் வந்தன, பழைய நிலைக்குத் திரும்பும் வசதி வந்தது. நோய் மாறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது; மருந்துச் சீட்டு மட்டும் அதே சீட்டு.

இதே ஊரில் வெட் ப்ளூ எனப்படும் குரோமில் பதனிட்ட தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறியிருந்தால் எந்த டேனரி மாஸ்டரும் மொத்த லாட்டையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்ல மாட்டார். பிக்கிள் என்னும் அமிலக் குளியல் சரியாக ஏறியதா, சுண்ணாம்பு மிச்சமிருந்ததா, குரோம் எப்போது போடப்பட்டது என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் பார்ப்பார். அந்தப் பொறுமை அலுவலக அறைக்குள் நுழைந்ததும் எங்கே போகிறது?

மெதுவாவதற்குக் காரணங்கள் உண்டு, பெரும்பாலும் அவை கண்டுபிடிக்கக் கூடியவை. பழைய மேசைக் கணினிகளில் முதல் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 இடங்களில் சிதறிய தகவல்களைத்தான் படிக்கும். எஸ்எஸ்டி பல்லாயிரம் இடங்களில் படிக்கும். காலையில் விண்டோஸ் அப்டேட்டும் வைரஸ் ஸ்கேனும் ஒரே நேரத்தில் அந்த டிஸ்க்கைப் பிடித்து இழுத்தால் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் நூறு சதவீதம் என்று காட்டும். ஃபார்மட் போட்டால் டிஸ்க்கின் வேகம் கூடாது. போட்ட முதல் வாரம் வேகமாகத் தெரிவது உண்மைதான். உள்ளே ஒன்றுமே இல்லையே, அதனால்.

டிஸ்க் சாகும் தறுவாயில் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். படிக்க முடியாத பகுதியை அது மீண்டும் மீண்டும் படிக்க முயல்வதால்தான் கணினி உறைகிறது. அந்த டிஸ்க் தன் நோயைத் தானே குறித்து வைத்திருக்கும்; அதைப் படித்துக் காட்ட இலவச மென்பொருள்கள் உண்டு, சில நிமிட வேலை. அதைப் பார்க்காமல் அதன் மேலேயே பல ஜிபி விண்டோஸை எழுதுவது, மிச்சமிருந்ததையும் மீட்க முடியாமல் செய்யும் வழி.

இன்னொரு வேடிக்கை, மதர்போர்டில் இருக்கும் நாணய பேட்டரி. அது தீர்ந்தால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தவறினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று ஜிஎஸ்டி தளம் முதல் வங்கித் தளம் வரை திறக்க மறுக்கும். "நெட் வேலை செய்யல" என்று புகார் போகும். உடனே ஃபார்மட்! மாற்ற வேண்டியது சில்லறைக் காசு பேட்டரி.

இழப்புக் கணக்குக்கு வருவோம். "டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்" என்பது சர்வீஸ் உலகின் உறுதிமொழி. ஆனால் மனிதர்கள் கோப்புகளை டெஸ்க்டாப்பில் வைக்கிறார்கள். அது சி டிரைவ். வெளிநாட்டு பையரோடு பல வருடம் நடந்த கடிதப் போக்குவரத்து அவுட்லுக்கின் ஒற்றைக் கோப்புக்குள் கிடக்கிறது. யாரும் இடம் மாற்றாவிட்டால் அதுவும் சி டிரைவ். டாலியின் தரவும் பல இடங்களில் அங்கேதான். தமிழில் வேலை செய்யும் அலுவலகங்களில் இன்னொரு கூத்து: வானவில் அவ்வையார் எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்கள், எழுத்துரு அழிந்ததும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். தமிழக அரசு 2010லேயே யூனிகோடை ஏற்றது. அலுவலக அலமாரிகளுக்கு அந்தச் செய்தி இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

சட்டம் இதையெல்லாம் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. கம்பெனிச் சட்டம் 2013இன்படி கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்களுக்கு, ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம். கம்பெனியாகப் பதிவான நிறுவனங்கள் மின்னணுக் கணக்கை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் பேக்கப் எடுத்து வைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியே திருத்தப்பட்டது. "ஃபார்மட் போட்டதுல போயிடுச்சு சார்" என்ற பதில் எந்த அதிகாரி முன்பும் எடுபடாது.

"வைரஸாவது போகுமே" என்பது கடைசி வாதம். வைரஸ் போகும், வந்த வாசல் திறந்தே இருக்கும். வானாகிரை என்ற பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) தாக்கியது 2017 மே 12. அது நுழைந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே அடைத்திருந்தது. அப்டேட் போடாத கணினிகள் உலகெங்கும் மாட்டின. ராணிப்பேட்டைக்கு அடுத்த சித்தூர் மாவட்டம் உட்பட ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை. மாட்டியவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7. சர்வீஸ்காரரின் பையில் கிடந்த பழைய டிவிடியிலிருந்து அன்று விண்டோஸ் 7 போட்டிருந்தால், அதுவரை போட்ட அப்டேட்கள் எல்லாம் போய், அடைத்த ஓட்டை மறுபடி திறந்திருக்கும்.

கூடவே உரிமப் பூட்டை உடைக்கும் கிராக். அதை ஓட்ட ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், அணைக்கிறோம். ஸ்டாப் என்ற பணயத் தீநிரல் கிராக் மென்பொருள்கள் வழியாகத்தான் பெருவாரியாகப் பரவியது. 2017இல் இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் 56 சதவீதம் உரிமமற்றது என்பது பிஎஸ்ஏ அமைப்பின் கணிப்பு. மென்பொருள் விற்பவர்களின் சங்கம் சொன்ன எண், கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்றாலும் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்காது.

2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததும் புதிய அலை ஒன்று தொடங்கியிருக்கிறது. தகுதியில்லாத பழைய ஐ3, ஐ5 கணினிகளில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றுகிறார்கள். அத்தகைய கணினிகளுக்கு அப்டேட் வருவதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. அதை வாடிக்கையாளரிடம் சொல்பவர் குறைவு.

சர்வீஸ் பையனை மட்டும் திட்டிப் பயனில்லை. ஃபார்மட்டுக்கு நிலையான கூலி உண்டு. ஒரு மணி நேரம் காரணம் தேடி, "தேவையில்லாத நாலு புரோகிராமை நிறுத்தியிருக்கேன்" என்று சொன்னால் முதலாளி பணம் கொடுக்க யோசிப்பார். கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தான் காசு. தோலின் பருமனை மில்லிமீட்டரில் அளந்து விலை பேசும் ஊர், கணினி விஷயத்தில் பேக்கப் எங்கே, அட்மின் பாஸ்வேர்ட் யாரிடம் என்று கேட்பதில்லை.

ஃபார்மட் தேவைப்படும் நேரங்களும் உண்டு. பணயத் தீநிரல் தாக்கிய பிறகு, நல்ல பேக்கப் கையில் இருக்கும்போது, அதுதான் சரி. பழைய கணினியை விற்கும்போதும் உள்ளதை அழித்தே ஆக வேண்டும். ஆனால் அங்கேயும் ஏமாற்றம்தான். விண்டோஸ் நிறுவும்போது நடப்பது விரைவு ஃபார்மட். சுழலும் டிஸ்க்கில் அது அட்டவணையை மட்டும் புதிதாக எழுதும், பழைய தகவல் மேலே வேறு எதுவும் எழுதப்படும்வரை அப்படியே கிடக்கும். எந்த பையருக்கு என்ன விலை என்ற பட்டியலோடு டிஸ்க் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால், இலவச மென்பொருள் வைத்தே அதைத் தோண்டி எடுக்கலாம். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் 'க்ளீன் ஆல்' கொடுத்தால் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதும். ஒரு டெராபைட்டுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். பழைய சாமான் வண்டிக்காரர் அதுவரை வாசலில் நிற்கமாட்டார்.