கடலைக் காட்டினால் மட்டும் போதுமா?



"அலைச்சறுக்கு லைவ் எல்லாம் நம்ம சனத்துக்கு எடுபடாது" என்ற பேச்சை இனியும் கேட்டுக்கொண்டிருக்க எங்களால் முடியாது.

நம்ம பொடியன்மார் மென்பந்துச் சுற்றுப்போட்டியை ஒரு போனைக் கம்பில் கட்டி முகநூலில் லைவ் போடுகிறார்கள். படம் ஆடுகிறது, காற்று இரைகிறது. ஆனாலும் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற நம்மவர்கள் சாப்பாட்டு நேரத்தில்கூட அதைத்தான் பார்க்கிறார்கள். ஏன்? இன்னும் எத்தனை பந்து, எத்தனை ஓட்டம் என்று ஒருவர் விடாமல் நம்ம தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2019 செப்டம்பரில் அறுகம்பேயில் 'சோ ஸ்ரீலங்கா புரோ' நடந்தது. உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்று அது. ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு உல்லாசப் பயணத்துறை படுத்துக்கிடந்த வருஷம். நம்ம மாவட்டத்துக் கடலை உலகம் பார்த்தது. ஆனால் இப்படியான போட்டியின் லைவைத் திறக்கும் நம்ம வீட்டார் காண்பது என்ன? பலகையில் குந்தியிருக்கும் நாலு பேர், நீலக் கடல், விளங்காத ஆங்கிலம். இரண்டு நிமிடத்தில் போனை வைத்துவிடுகிறார்கள். குற்றம் அவர்களுடையதா?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நடுவர் ஐந்து பேர், ஓர் அலைக்குப் பத்துக்குப் புள்ளி. கூடினதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மிச்சம் மூன்றின் சராசரி. சிறந்த இரண்டு அலைகள் சேரும், மொத்தம் இருபதுக்கு. ஆறாம் வகுப்புப் பிள்ளை கூட்டிச் சொல்லும். இரண்டு நிமிடம் இருக்க ஒருவருக்கு 6.5 வேண்டும், வருகிற அலையில் முன்னுரிமையோ எதிராளிக்கு என்றால், அது கடைசி ஓவரில் 12 ஓட்டம் மாதிரித்தான். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

படகு இழுக்கும் நீர்ச்சறுக்குக்கும் இதே வருத்தம்தான். மிதவை நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி நிற்கும். கயிற்றைக் குறைத்துக் குறைத்து 9.75 மீட்டருக்குக் கொண்டுவருவார்கள். மிச்சத்தை வீரர் உடம்பை நீட்டித்தான் எட்ட வேண்டும். திரையில் ஒரு கோடு கீறி அதைக் காட்டினால் யார் எழும்பிப் போவார்? காட்டுவதோ வெறும் இலக்கம்.

செலவு என்பார்கள். நாங்கள் ட்ரோன் கேட்கவில்லை. தமிழிலும் சிங்களத்திலும் பேச இரண்டு மைக், அந்த அலையிலேயே வளர்ந்த பொத்துவில் பொடியன் ஒருவன், தேவையான புள்ளியை எந்நேரமும் காட்டும் ஒரு பலகை. ஒலுவிலிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதில் தொழில்நுட்பப் பீடமும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இது ஒரு வேலையா?

அலை வராத நேரத்தில் விளம்பரம் ஓடவிடாமல் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிப் பேசுங்கள். கடலுக்குப் போகிற நம்ம காக்காமாரைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள்.

பொத்துவில் உறவுகளே, போட்டி நடத்துபவர்களைத் தெரிந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த சீசனுக்கு முன்னம் பதில் வேண்டும்.