மடிநோயும் சங்கத்தின் கடமையும்

விளாங்குடிச் சுற்றுவட்டாரத்தில் தறியோடும் வயலோடும் ஒரு கறவைப் பசுவையும் நம்பி வாழும் குடும்பங்கள் உள. மடி கல்லாக இறுகிய பின்னரே நாம் மடிநோயை உணர்கிறோம். அது காலங்கடந்த அறிவாகும்.

கறந்தபின் அரைமணி நேரமேனும் காம்பின் துளை முற்றும் மூடுவதில்லை. அவ்வேளையில் பசு சாணத்தில் படுக்குமாயின் கிருமிகள் உட்புகும். உடனே இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மடிக்கு விரைந்து அவற்றோடு பொருதும். பாலில் மில்லிலிட்டருக்கு 2 லட்சத்துக்கு மேல் அணுக்கள் காணின் மடியில் நோயுண்டெனக் கொள்வர். கன்று ஈனும் தறுவாயில் இத்தற்காப்பு வலிமை குன்றும். வீக்கமின்றிக் கறவை மட்டும் குறையும் மறைநோயே பெருநஷ்டம் தருவது. 1957-இல் வெளியான கலிபோர்னியாச் சோதனை, தொழுவத்திலேயே சில விநாடிகளில் இதனைக் காட்டிவிடும். கரைசல் பட்ட பால் கூழ்போல் தடிக்கும்.

கொழுப்பும் இதரச் சத்தும் அளந்து விலை தருவதோடு சங்கத்தின் கடமை தீராது. சோதனைக் கரைசலைச் சங்கமே வாங்கி, மாதம் ஒருமுறை ஒவ்வொரு கறவையையும் சோதித்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். செலவுக்கு வழியேது என்பர் சிலர். மறைத்து ஊற்றிய ஒருவர் பால் பொதுக் கேனைக் கெடுத்தால் அந்நஷ்டம் எவருடையது? நோயை ஒப்புக்கொண்ட அங்கத்தினரைத் தண்டித்தல் கூடாது. தண்டித்தால் அடுத்தவர் மறைப்பார். மருந்திட்ட பசுவின் பாலை மருத்துவர் குறித்த நாள்வரை ஊற்றாதிருப்பவருக்குச் சங்க நிதியிலிருந்து சிறு ஈடு அளிப்பதே நியாயம்.

அங்கத்தினர்களும் கறந்தவுடன் தீவனமிட்டுப் பசுவை நிற்கச் செய்க. முதற்பீச்சலைக் கறுப்புத் துணியில் வடித்துத் திரி உண்டா என நோக்குக. நெசவாளர் வீட்டில் துணிக்கா பஞ்சம்?