சாளையின் நெய் எங்கிருந்து வருகிறது?

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான பெரியதாழையில் நெய்ச்சாளை பட்ட நாளில் தெருவெல்லாம் அதன் மணம்தான். குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினால் மேலே எண்ணெய் மினுங்கும். வீட்டுக்காரி ஊற்றியதைவிட அது கூடுதலாகவே இருக்கும். தணலில் சுட்டால் நெய் சொட்டுச் சொட்டாய் உருகித் தீயில் விழும். அந்த நெய்யில் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. அதற்கு மூலம் கடல்நீரில் மிதக்கும் நுண்பாசிகள். அவை வெயிலைக் கொண்டு சமைத்ததைத்தான் சாளை தின்று சேர்த்துவைக்கிறது.

இந்தப் பாசிகளைக் குளத்தில் வளர்த்து எண்ணெய் எடுக்கலாம் என்ற யோசனை புதிதல்ல. ஆனால், பேச்சு எழும்போதெல்லாம் எல்லோருக்கும் டீசல்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்காக ஆராய்ச்சி நடத்தி, செலவு கட்டுப்படியாகாமல் நிறுத்தியது. 2009-இல் 60 கோடி டாலர் வரை செலவிடுவதாக அறிவித்த எக்ஸான்மொபில் நிறுவனமும் பின்னர் விலகிக்கொண்டது. பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 2012-இல் பாசி டீசல் கலந்து கார் ஓட்டிக் காட்டியது. அந்த டீசல் பம்ப்புக்கு வரவில்லை.

காரணம் எளிய கணக்கு. திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்கு ஏறக்குறைய அரை கிராம் பாசிதான் தேறும். அதில் கால் பங்கு எண்ணெய் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஒரு கிலோ எண்ணெய்க்கு 8,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி அளவு நீரை வடித்தாக வேண்டும். கலக்க, வடிக்க, உலர்த்த என்று ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் வேண்டும். இத்தனை பாடுபட்டு எடுத்ததை இன்ஜினில் ஊற்றி எரிப்பது, முத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்குவது போல.

ஆகவே, பாசி எண்ணெய்க்கு நம் கடற்கரை தேட வேண்டியது மீனெண்ணெய் விற்கும் சந்தை. இன்று சாளை போன்ற சிறுமீன்கள் ஆலைகளில் அரைபட்டு மீன்தூளாகவும் எண்ணெயாகவும் போகின்றன. ஏழை வீட்டுச் சட்டிக்கு வர வேண்டிய மீன் அது. அந்தத் தொழிலின் இன்னொரு முகத்தையும் தூத்துக்குடி மாவட்டம் பார்த்துவிட்டது: மீன்கழிவு ஆலைகளின் நாற்றத்தை எதிர்த்துப் பொட்டலூரணி மக்கள் 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். ஒமேகா-3யை அதன் ஊற்றுக்கண்ணிலேயே எடுக்க முடிந்தால், கடலில் கொஞ்சம் சாளை மிஞ்சும்.

இதற்கான கைப்பழக்கம் தூத்துக்குடிக்குப் புதிதல்ல. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கே. அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் 1973-இல் இங்கே வேப்பலோடையில் முத்து விளைவித்தார்கள். 1981-இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே பொரித்து வளர்த்துக் காட்டினார்கள். அந்தக் குஞ்சுகளுக்கு ஊட்டப்பட்டது ஐசோகிரைசிஸ் என்ற கொழுப்பு மிகுந்த நுண்பாசி. முத்துக்குளித்துறையின் ஆய்வுக்கூடத்தில் பாசி வளர்ப்பு நாற்பது ஆண்டுக்கும் மேலான அனுபவம்.

உப்பளங்களும் இருக்கின்றன. உப்பு முற்றிய பாத்தியில் நீர் சிவப்பதை அளத்துக்காரர்கள் அறிவார்கள். அந்தச் சிவப்பில் டூனாலியெல்லா என்ற பாசிக்கும் பங்குண்டு. உப்பும் வெயிலும் ஏற ஏற, அது தன் உடலின் எண்ணெய்த் துளிகளுக்குள் பீட்டா கரோட்டீனைச் சேர்க்கிறது. ஆஸ்திரேலியா இதைக் கடலோரக் குளங்களில் பெருமளவில் விளைவித்து விற்கிறது. உணவுக்கு நிறம் கொடுக்கவும் மருந்துக்கும் அது போகிறது. மற்றப் பாசிகள் மடியும் உப்பில் இது தழைப்பதால், திறந்த குளத்தில் வளர்ப்பவரின் பெரிய தலைவலியான களைப்பாசித் தொல்லையும் குறைவு.

தடைகள் உண்டு. உலகச் சந்தையில் உள்ள பாசி ஒமேகா-3யில் பெரும்பகுதி மூடிய கலன்களில் சர்க்கரை ஊட்டி வளர்த்தது. அதனோடு திறந்த குளம் உடனே போட்டியிட முடியாது. வடகிழக்குப் பருவமழை உப்பைக் கரைப்பதுபோலப் பாசிக் குளத்தையும் கெடுக்கும். எனவே தொடக்கம் சிறியதாக இருக்கட்டும்: முதலில் கரோட்டீன், இறால் பொரிப்பகங்களுக்கான பாசித்தீவனம். எண்ணெய் அதன்பின் வரட்டும். தமிழ்நாட்டுக்கு இது கைவராத வேலை அல்ல. புதுக்கோட்டை மாவட்டம் ஊணையூரில் ஸ்பைருலினா வணிகமாகவே விளைகிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் நுண்பாசிகளுக்கான தேசியக் களஞ்சியமே இருக்கிறது.

இரண்டு நிபந்தனைகளை மட்டும் அரசு எழுத்தில் வைக்க வேண்டும். ஒன்று, குளங்கள் கைவிடப்பட்ட உப்பளங்களில்தான் வெட்டப்பட வேண்டும். வள்ளம் ஏற்றி வலை உலர்த்தும் கரைக்கும், மழைநீரை உறிஞ்சி ஊர்க்கிணறுகளுக்குத் தரும் தேரிமணலுக்கும் யாரும் வரக்கூடாது. இரண்டு, உப்புத் தொழிலாளரும் மீனவப் பெண்களும் கூலிக்கு வருபவர்களாக அல்லாமல், கூட்டுறவு வழியே பங்குதாரர்களாக வேண்டும். வெயிலும் உப்புநீரும் அவர்கள் காலமெல்லாம் நின்று உழைத்த இடம். அதிலிருந்து புதிதாக ஒரு எண்ணெய் ஊறுமானால், முதல் சொட்டு அவர்கள் வீட்டுச் சட்டிக்குச் சேர வேண்டும்.