மிக்சரும் தமிழும்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் மிக்சர் செய்யும் நாளில் அயல் முழுவதும் தும்மும். அத்துணைக் காரம்! ஆயினும் மாணவர் கட்டுரையில் 'மிக்சர்' என்ற சொல்லைக் கண்டால், அதனை வெட்டிக் 'காரக் கலவை' என்று திருத்தும் ஆசிரியர் உளர். இது வேண்டாத திருத்தம் என்பதே எம் கருத்து.

முதலில் பண்டத்தை நோக்குவோம். செத்தல் மிளகாயும் கச்சானும் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியவை. போர்த்துக்கேயர் காலத்துக் கடல் வாணிகம் தந்தவை. பெருங்காயம் பாரசீகத்திலும் ஆப்கானிஸ்தானத்திலும் விளைவது. அயலென்று இவற்றை விலக்கினால் மிக்சரில் சுவை ஏது?

இவற்றை நம்முடையவை ஆக்கியது பக்குவமே. கடலைமாவைப் பிசைந்து உரலிற் பிழிந்து பொரிக்கிறோம். அவலையும் கச்சானையும் தனித்தனியே பொரிக்கிறோம். சூடு ஆறுமுன் உப்பும் மிளகாய்த்தூளும் தூவவேண்டும். ஆறியபின் தூவினால் தூள் ஒட்டாது அடியில் தங்கும். கறிவேப்பிலையும் உள்ளியும் ஈரம் அறப் பொரியவேண்டும். அன்றேல், கடற்காற்றுப் படுமுன்னரே மிக்சர் நமத்துப்போகும். காரத்துக்கு அஞ்சிக் கையைச் சுருக்கினால் வெறும் மாவே நாவில் நிற்கும்.

சொல்லுக்கும் இதுவே நெறி. கதிரை, அலுமாரி, சப்பாத்து என்பன போர்த்துக்கேயச் சொற்கள். அவை நம் ஒலிக்கு இசைந்து, நம் வேற்றுமை உருபுகளை ஏற்று, ஈழத்தமிழர் வழக்கில் ஊன்றிவிட்டன. கதிரையில் அமர்ந்துகொண்டு மிக்சரை வெட்டுவது என்ன நியாயம்? மிக்சரை, மிக்சருக்கு, மிக்சரில் என்று அச்சொல்லும் தமிழிலக்கணத்துக்கு அடங்கியே நடக்கின்றது.

ஆசிரியரின் சிவப்பு மை வீணாகவேண்டாம். பக்குவமின்றி எழுதிய வாக்கியங்கள் அதே கட்டுரையில் இருக்கும், அவற்றைத் திருத்துக.