நிரலைப் படித்துப் பார்க்க ஓர் ஆள்

பகலெல்லாம் பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறக்கும் இளைஞர்களும், குழந்தையைத் தூங்கவைத்த பிறகு பாடக் காணொலி பார்க்கும் தாய்மார்களும் இன்று கணினிப் பட்டம் படிக்கிறார்கள். சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழிப் பட்டப் படிப்பில் சேர ஜேஇஇ எழுத வேண்டியதில்லை. அதன் தகுதிநிலைத் தேர்வில் தேறினால் போதும். தரவு அறிவியல் படிப்பு என்றாலும் மென்பொருள் பொறியியலும் அதில் ஒரு பாடம். இக்னோவின் பி.சி.ஏ., எம்.சி.ஏ. படிப்புகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. இந்தக் கதவு திறந்திருப்பதை மனதார வரவேற்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பி.இ., பி.டெக். பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. அதற்கு விதிகளில் இடமில்லை. உரிய அனுமதி பெறாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அப்படி வழங்கிய பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பணத்தையும் பல ஆண்டு உழைப்பையும் இழந்து நின்றவர்கள் மாணவர்கள்தான். சேருவதற்கு முன்பே, அனுமதி பெற்ற படிப்புகளைப் பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) பட்டியலைப் பார்க்கச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் நல்ல படிப்பில் சேர்ந்தவருக்கும் ஒரு குறை இருக்கிறது. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் கூடிய நேட்டோ மாநாட்டுக்குப் பிறகுதான் மென்பொருள் பொறியியல் ஒரு தனித்துறையாகப் பேசப்பட்டது. பலர் சேர்ந்து எழுதும் பெரிய மென்பொருள்கள் காலம் தவறின, செலவு எகிறியது, பிழைகள் மலிந்தன. அந்தச் சிக்கலுக்கு விடை தேடிப் பிறந்த துறை இது. பிறரோடு சேர்ந்து எழுதுவதுதான் இதன் உயிர். அதைத் தனியறையில் ஒருவர் எப்படிக் கற்பார்?

ஒரு மாணவி எழுதிய நிரலை எடுத்துக்கொள்வோம். முந்நூறு வரிகள், ஒரே செயற்கூறு. மாறிகளுக்கு ஏ, பி, சி என்று பெயர். தானியங்கிச் சோதனையில் விடை சரியாக வந்துவிட்டதால் முழு மதிப்பெண். “இதை நாலாகப் பிரி, ஆறு மாதம் கழித்து உனக்கே புரியாது” என்று சொல்ல ஆளில்லை. வேலைக்குப் போன முதல் வாரமே வேறொருவர் எழுதிய பத்தாயிரம் வரிகளைத் திருத்தச் சொல்வார்கள். இருவர் ஒரே வரியை மாற்றியதால் வரும் மோதலை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்ப்பாள்.

தூரத்தின் மேல் பழிபோட முடியாது. 1991இல் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத்தை உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் மின்னஞ்சலிலேயே வளர்த்தார்கள். முகம் பார்க்காதவர்கள் ஒருவர் நிரலை ஒருவர் வரிவரியாகப் படித்துக் கறாராகத் திருத்தினார்கள். அந்தப் படிக்கும் கண்கள்தான் நம் மாணவர்களுக்கு வேண்டும்.

அதைப் பல்கலைக்கழகம் மட்டும் தந்துவிட முடியாது. ஒப்படைப்புக்கு மதிப்பெண்ணோடு நாலு வரிக் கருத்தும் குழுத் திட்டப்பணியும் அதன் கடமை. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களை அக்கம்பக்கத்துத் தொலைநிலை மாணவர்களுக்குத் திறந்துவிடலாம். சென்னையிலும் பெங்களூரிலும் மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் சொந்த ஊர்ப் பிள்ளைகள் இருவரின் நிரலை வாரம் ஒரு மணி நேரம் படித்துக் கருத்துச் சொல்லலாம். கோயில் திருவிழாவுக்கு வரி கொடுக்கிறோமே, இதுவும் ஊருக்குச் செய்வதுதான். மாணவர்களும் இணையத்தில் கிடைத்ததை ஒட்டி அனுப்பக் கூடாது. அரைகுறையாக இருந்தாலும் தான் எழுதியதையே காட்ட வேண்டும்.

நிறுவனங்களுக்கும் பங்குண்டு. அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று 2022இலேயே யுஜிசி தெளிவுபடுத்திவிட்டது. இருந்தும் ஆளெடுப்பு அறிவிப்புகளில் “முழுநேரப் படிப்பு மட்டும்” என்ற வரி தொடர்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, விண்ணப்பித்தவரின் நிரலை வாங்கிப் படித்துப் பார்க்கட்டும். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை வைத்திருக்கும் முதலாளிகள் தேர்வு நாளில் சம்பளம் பிடிக்காமல் விடுப்புக் கொடுக்கட்டும்.